மலைச்செடிக்குக் காவல் இருந்த மாமனார் எழுதுவது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் என் அக்காவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். இந்த வீட்டில் நலமாக இருப்பவர்கள் அத்தோடு சரி. அங்கே மலைமேல் நீங்களும் என் மகளும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் சுகத்தை இந்தக் கடிதமே கெடுக்கப் போவதால், கேட்டுவிட்டுக் கெடுப்பது நாகரிகம் ஆகாது என்று விட்டுவிட்டேன். உங்கள் மலையில் ஃபோன் எடுக்காதது இதுவரை எனக்குக் குறையாகத்தான் தெரிந்தது. இப்போது அதற்கு நன்றி சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள். என் மகள் பக்கத்தில் இருந்தால் அவளையும் உட்காரச் சொல்லுங்கள். உங்கள் குடிசையில் இருப்பது ஒரே நாற்காலி என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றிப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். செடிகள் போய்விட்டன. நட்ட குச்சிகள் பன்னிரண்டும் போய்விட்டன. தாய்ச்செடி போய்விட்டது. விதைகள் போன விதத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுவேன். முப்பது வருடம் ஜெயிலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தனித்தனியாகச் சிலர் சுவரேறிக் குதித்துப் போயிருக்கிறார்கள். இப்படிக் கூண்டோடு யாரும் போனதில்லை.

கோடை முடியும் தறுவாயில் நீங்கள் இருவரும் வந்து இறங்கிய மத்தியானத்தை நான் மறக்கவில்லை. இந்தச் செடி வளர்கிற சரிவு மொத்தமும் மண்சரிவில் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது, உங்கள் நாற்றுப்பண்ணையின் கண்ணாடிக் கொட்டகையும் நொறுங்கிவிட்டது, அந்த மலையில் அந்த இனத்தில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான், பனி உருகியதும் திரும்பக் கொண்டுபோய் நட வேண்டும், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்றீர்கள். வழி நெடுக என் மகள் தாய்ச்செடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். முழங்கால் உயரம். சின்னச் சின்னத் தடித்த இலைகள், இலைக்கு அடியில் கம்பளி மாதிரி ரோமம். ஏதோ ஒரு பெரிய மரம் கோபித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்துவிட்டது போல் இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன், சொல்லவில்லை. என் மகள் உங்களைத் தேர்ந்தெடுத்தபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஒன்றுமே சொல்லவில்லை என்று உங்கள் அத்தை இங்கே பக்கத்தில் இருந்து ஞாபகப்படுத்துகிறாள்.

இதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். நீங்கள் சொன்ன முதல் வாக்கியத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மாமா, நீங்க இதுக்கு நல்லது எதுவும் செஞ்சிடாதீங்க, அது போதும்” என்றீர்கள். உரம்? “கிட்டவே கொண்டு வராதீங்க.” நல்ல மண்? “ஐயோ, வேண்டாம் மாமா. மணலும் உடைச்ச கல்லும்தான்.” தண்ணீர்? “விரலை விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா கொஞ்சமா.” குளிர் காலத்தில் வீட்டுக்குள்? “உள்ள கொண்டு வந்துட்டா போச்சு. மொட்டைமாடியிலயே கிடக்கட்டும். காத்து அடிக்கட்டும். உறைபனி விழுந்தா ரொம்ப ரொம்ப நல்லது.” இதையெல்லாம் சிரித்த முகத்தோடு சொன்னீர்கள். மாப்பிள்ளை, கொலை செய்துவிட்டு உள்ளே வந்தவனுக்குக்கூட நான் போர்வை மறுத்ததில்லை. மறுத்திருந்தால் மேலிடத்திலிருந்து விசாரிக்க ஆள் வந்திருக்கும். ஒரு பாவமும் அறியாத புதருக்குச் சரளைக்கல்லும் பட்டினியும் பனியும் விதித்துவிட்டு, என் வீட்டு மேஜையில் நிம்மதியாகத் தேநீர் குடித்தீர்களே, அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. கல், காற்று, குளிர், ஒரே நாற்காலி. என் மகளையும் இதே விதிகளின்படிதான் வைத்திருக்கிறாரோ? அன்றிலிருந்துதான் நான் அவளுக்குத் தினம் ஒரு கார்டு எழுதுகிறேன். மேலே போகிற ஜீப்பில் மொத்தமாக வந்து சேருகிறது என்று நினைக்கிறேன். ‘குளிருதா? சாப்பிட்டியா? வந்துடறியா?’ இவ்வளவுதான் எழுதுகிறேன். பதில் வருவதில்லை.

இனி குச்சிகளின் வழக்குக்கு வருகிறேன். அவற்றை நீங்களே உங்கள் கையால் வெட்டினீர்கள். இளசும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணல் தட்டில் வரிசையாகச் செருகி, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டு மூடினீர்கள். “வேர் விட மாசக்கணக்குல ஆகும் மாமா. தொந்தரவு பண்ணாம இருந்தா அதுவா விட்டுடும்” என்றீர்கள். தொந்தரவு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூச்சல், புகை, விருந்தாளிகள். மூன்றையும் தட்டு இருந்த அறைப்பக்கம் அண்டவிடவில்லை. ரேடியோவைச் சமையலறைக்கு மாற்றினேன். அத்தோடு, உங்கள் மேல் உள்ள மரியாதையால் நீங்கள் கேட்காத ஒன்றையும் செய்தேன். தினமும் காலையில் ஆள் எண்ணிக்கை எடுத்தேன். எண்ணிக்கை என்றால் வாசலில் நின்றுகொண்டு தலையை எண்ணுவது அல்ல. அது சோம்பேறி வார்டர்கள் செய்வது. ஒவ்வொரு குச்சியையும் மெல்ல வெளியே உருவி, மேலும் கீழும் திருப்பி, அடியில் வேர் வந்திருக்கிறதா என்று சோதித்து, மறுபடி அதனதன் இடத்தில் செருகி, மணலை அழுத்திவிடுவேன். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்த அன்றுகூட உங்கள் அத்தை தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, “மொட்டைமாடித் தண்ணித்தொட்டி எத்தனை நாளா ஒழுகுது? செவுரு பூரா ஈரம். ஒரு குழாய்க்காரரைக் கூப்பிடத் துப்பில்ல, இந்தக் குச்சிங்களுக்குத் தலை சீவிக்கிட்டு இருக்கீங்க” என்றாள். நான் அடுத்த குச்சியை உருவினேன். எண்ணிக்கையின்போது பேசினால் எண்ணிக்கை தவறும்.

எனக்குப் பார்வை சற்று மங்கல் என்பதால் மாடிவீட்டுப் பல் டாக்டரிடம், வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கினேன். அதைத் திரும்பக் கேட்டு அவர் ஒருநாள் கீழே வந்தார்.

“என்ன சார் பண்றீங்க இதை வெச்சு?”

“வேர் பாக்கறேன், டாக்டர்.”

“வெளிய எடுத்தா?”

“எடுக்காம எப்படிப் பாக்கறது?”

“தினமுமா சார்?”

“காலையில ஒரு தடவை. சந்தேகமா இருந்தா சாயங்காலமும்.”

அவர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “சார், ஒரு பல்லைத் தினமும் பிடுங்கிப் பாத்துட்டுத் திரும்ப வெச்சா, அது நிக்குமா சார்?”

நான் சிரித்துக்கொண்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் சிலருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவரவர் உத்தியோகமாகவே தெரிகிறது. அந்த வியாதிக்கு மருந்து இல்லை. கண்ணாடியைக் கழுவிக் கொடுத்து அனுப்பிவிட்டு, எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். இத்தனை கண்காணிப்பு இருந்தும், மாப்பிள்ளை, அந்தக் குச்சிகள் வேர் விட மறுத்தன. ஒன்றுகூட விடவில்லை. உண்ணாவிரதம் இருந்த கைதிகளை எனக்குத் தெரியும். அவர்களிடம்கூட இந்தப் பிடிவாதத்தை நான் கண்டதில்லை. அடிப்பாகம் கறுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. கடைசிக் குச்சி சாய்ந்த அன்று நான் அதை எப்போதையும்விட அதிக நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். காரணம் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சரி, விதைகளாவது இருக்கின்றன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவற்றை ஈர மணலில் கலந்து ஒரு டப்பாவில் போட்டு, குளிர் காலம் முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தால்தான் முளைக்கும் என்று கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனீர்களே, அந்த டப்பா ஒருநாள் காலையில் அங்கே இல்லை. தேடினேன். தேடியபோது சமையலறையில் உங்கள் அத்தை ஒரு பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா? பால் தீஞ்சு பிடிச்ச பாத்திரம். வருஷக்கணக்கா போகாத கறை. போயே போச்சு.”

“எதால தேய்ச்சே?” என்று கேட்டேன்.

“ஃப்ரிட்ஜ்ல யாரோ நல்ல மணல் வெச்சிருந்தாங்க. பொடிசா, சில்லுன்னு. அதுல வேற ஏதோ முறுமுறுன்னு கிடந்துச்சு, அதனாலதான் நல்லாத் தேய்ஞ்சுது.”

ஒரு மலையின் வருங்காலம் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. பாத்திரத்தில் என் முகம் தெரிந்தது, அவ்வளவு சுத்தம். “மணலை யாராவது ஃப்ரிட்ஜ்ல வெப்பாங்களா? நீங்கதான் எங்கிட்ட சொல்லியிருக்கணும்” என்று அவள் என் மேலேயே பாய்ந்தாள். மாப்பிள்ளை, டப்பாவை நீங்கள் வைக்கும்போது என்னிடம்தான் சொன்னீர்கள். நான் அதை ரகசியத் தகவலாகக் கருதி யாருக்கும் சொல்லவில்லை. தொழில் பழக்கம்.

இப்போது தாய்ச்செடி. இதில்தான் எனக்கு மிகப் பெரிய அதிர்ச்சி. நீங்கள் சொன்னபடியே அது மொட்டைமாடியில், திறந்த காற்றில், சரளைக்கல்லில் இருந்தது. அல்லது இருந்ததாக நான் நம்பினேன். குளிர் இறங்க இறங்க அது வாடும் என்று எதிர்பார்த்தேன். அதுவோ வளர்ந்தது. விரல் நீளத்துக்குத் தளதளவென்று தளிர் விட்டது. இலைகள் அகலமாகி, அடியில் இருந்த கம்பளி போய், வழவழவென்று ஆயின. நான் பூரித்துப்போய் என் மகளுக்குக் கார்டில்கூட எழுதினேன். ஒன்றே ஒன்று மட்டும் உறுத்தியது. காலையில் தொட்டியைத் தொட்டால் அடிப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தது. சுற்றிலும் தரையெல்லாம் உறைபனி. தொட்டி மட்டும் சூடு. கைதி எங்கேயோ போய்விட்டு வருகிறான் என்று என் உள்மனது சொன்னது. நான் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் என் அக்கா முழங்கால் வலியென்று மாடி ஏறவில்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால், அந்தப் புதுத் தளிர் எல்லாம் வேகவைத்த கீரை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாள் கறுத்தது. ஒரு வாரத்தில் முழுச்செடியும் துடைப்பக் கட்டையாகிவிட்டது.

விசாரணை வைத்தேன். சமையலறை மேஜைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் உங்கள் அத்தையும் என் அக்காவும். சாட்சியாகப் பல் டாக்டரையும் அழைத்திருந்தேன். மேஜைமேல் துடைப்பக் கட்டை.

உங்கள் அத்தை முதலில் ஒப்புக்கொண்டாள். டம்ளர் கழுவிய பால் தண்ணீரைத் தினமும் ஊற்றினாளாம். “தண்ணிகூட இல்லாம வெறும் கல்லுல நிக்குது. பாத்துட்டு எப்படிங்க நான் மட்டும் காபி குடிக்கறது?” என்றாள்.

பிறகு என் அக்கா. நான் மாலை நடைக்குக் கிளம்பியதும் தொட்டியைக் கீழே தூக்கிவந்து, அவள் அறை ஹீட்டர் பக்கத்தில் வைத்து, நான் காலையில் மேலே போவதற்கு முன் திரும்பக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இத்தனை மாதமும். அதுமட்டும் இல்லை, தொட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். நீல நிறம். ஓரத்தில் பூ வேலை.

“நடுங்குச்சுடா தம்பி. நான் என் கண்ணால பாத்தேன்.”

“அக்கா, அது காத்துல ஆடியிருக்கும்.”

“உனக்கு எல்லாம் காத்துதான். சின்ன வயசிலேர்ந்தே நீ கல்நெஞ்சுக்காரன்.”

“வேற ஏதாவது செஞ்சியா? இப்பவே சொல்லிடு.”

“ஒண்ணும் செய்யலடா” என்றாள். சொல்லும்போது பின்னலில் கண்ணி தவறிவிட்டது. அவளுக்குக் கண்ணி தவறி நான் பார்த்ததில்லை; வயதாகிறது.

தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உங்கள் அத்தை, “கார் ஷெட்டுல ஒரு உரப் பை பிரிச்சு வெச்சிருக்கே, அது யாரு வாங்கினது?” என்றாள். விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்ய விதியில் இடமில்லை என்று விளக்கினேன். பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். ஒரு கரண்டிதான், மாப்பிள்ளை. வாரத்துக்கு ஒரே ஒரு கரண்டி. எந்த ஜெயிலிலும் நன்னடத்தைக்கு ஏதாவது சலுகை உண்டு. ஆக, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன உரத்தை நானும், தினசரித் தண்ணீரை என் மனைவியும், கதகதப்பை என் அக்காவும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மூன்று பேருமாகச் சேர்ந்து செல்லம் கொடுத்து ஒரு மலைச்செடியைக் கொன்றுவிட்டோம். முப்பது வருடம் கல்நெஞ்சுக்காரன் என்று பெயரெடுத்த ஒருவன் வீட்டில் இது நடந்திருக்கிறது என்பதை இன்னமும் என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே, காவல் பொறுப்பிலிருந்து இன்றோடு விலகுகிறேன். பனி உருகியதும் செடிகளை ஏற்றிப்போக வண்டி கொண்டுவர வேண்டாம். ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த இனத்தில் கடைசியாக இருந்ததை என்னை நம்பித்தான் கொடுத்தீர்கள். உங்கள் முகத்தை நேரில் பார்க்க இப்போதைக்கு எனக்குத் தெம்பில்லை. என் மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அவள். சொன்ன கையோடு அவளை இங்கே அனுப்பி வையுங்கள். இதை மாமனாராக அல்ல, ஓய்வு பெற்ற அதிகாரியாகக் கேட்கிறேன். கல்லிலும் காற்றிலும் எதுவும் பிழைக்காது. இங்கே அவளுக்கு ஹீட்டர் வைத்த அறை இருக்கிறது, நாற்காலிகள் ஆறு இருக்கின்றன. தொட்டியின் ஸ்வெட்டரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவள் தலைக்குக் குல்லாவாகச் சரியாக இருக்கும் என்கிறாள் என் அக்கா. குழாய்க்காரரை இன்று வரச் சொல்லிவிட்டேன். இனிமேலாவது இந்த வீட்டுக்கு உபயோகமாக இருக்கலாம் என்று எண்ணம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சரியாத நிலத்தில், நெடுங்காலம் வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அத்தையும் ஆசீர்வதிக்கிறாள். அக்கா முழங்கால் வலியோடு ஆசீர்வதிக்கிறாள்.

ஆள் எண்ணிக்கை: பூஜ்யம்.

இப்படிக்கு,
முன்னாள் காவலராகிய
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் குழாய்க்காரர் வந்து மொட்டைமாடிக்குப் போனார். போன சூட்டில் மேலிருந்து குரல் கொடுத்தார். “சார்! தண்ணித்தொட்டி ஒழுகற இடத்துல கல்லுக்கு நடுவுல ஏதோ செடி நிக்குது! இழுத்தேன், வரலை! வெட்டிடவா?” அதற்கு என் அக்கா, “தொடாதே!” என்று போட்ட கூச்சலில் பல் டாக்டரின் நாற்காலியில் இருந்த நோயாளி வாயைத் திறந்தபடியே எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டார். முழங்கால் வலிக்காரி எனக்கு முன்னால் மாடியில் இருந்தாள்.

விஷயம் இதுதான். குளிர் தொடங்கிய புதிதில், அக்கா செடித்தொட்டியைக் கதவு வழியாகத் தூக்கிவரும்போது அடிக்கிளை ஒன்று முறிந்துவிட்டதாம். “உங்கிட்ட சொன்னா எண்ணுவே, விசாரணை வெப்பே” என்று பயந்து, அதைக் கொண்டுபோய்த் தண்ணீர்த்தொட்டிக்கு அடியில் உடைந்த கல்லுக்குள் செருகி, மறைப்புக்கு ஓர் ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்துவிட்டாள். அதன்பிறகு பயத்தில் அவளே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உரம் இல்லை, ஹீட்டர் இல்லை, காலை எண்ணிக்கை இல்லை. மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், சுற்றிலும் குளிர். இப்போது புதிதாக நாலு இலை விட்டிருக்கிறது. சின்னது, தடித்தது. அடியில் கம்பளி இருக்கிறது. முப்பது வருடத்தில் ஆள் குறைந்து பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளை. ஆள் கூடி இன்றுதான் பார்க்கிறேன்.

எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வண்டி கொண்டுவாருங்கள். குழாய்க்காரருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம், தொட்டி ஒழுகட்டும். செவுரு போனால் போகட்டும் என்று உங்கள் அத்தையே சொல்லிவிட்டாள். என் மகளை அனுப்பவும் வேண்டாம். தினக் கார்டுகளையும் இன்றோடு நிறுத்துகிறேன். அவளுக்கே தோன்றும்போது எழுதட்டும். ஸ்வெட்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மொட்டைமாடிச் சாவியை என் அக்கா இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் படியேறினால் பின்னல் ஊசியைத் தூக்குகிறாள். நீங்கள் ஒரு வரி எழுதிப் போட்டால் உள்ளே விடுவாள். கைதிகளின் உறவினர்களுக்கு நாங்கள் அனுமதித்த அளவுதான் நானும் கேட்கிறேன்: வாரத்தில் ஒரு நாள், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தொடாமல், கண்ணால் மட்டும்.